கேட்டைத் திறந்தது விருந்தாளி, கடித்தது உங்கள் நாய்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் ஒரு பிட்புல் குட்டி வாங்கி வந்தான். வீட்டில் எல்லாரிடமும் பிள்ளை மாதிரி இருக்கும். தீபாவளி இரவு விருந்துக்கு வந்த என் கொழுந்தனார் காரை வெளியே எடுத்துவிட்டு கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். வெடிச் சத்தத்தில் மிரண்டு நாய் தெருவுக்கு ஓடியது. பலகாரத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அடுத்த வீட்டு அக்காவின் பேரனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பையனுக்கு ஒன்பது வயது. ஆறு தையல். இன்றோடு ஐந்து நாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையனின் அப்பா பில்லோடு வந்து, போலீசுக்குப் போவேன் என்கிறார். தெரு வாட்ஸ்அப் குழுவில் பிட்புல்லையே தடை செய்ய வேண்டும் என்று ஒரே பேச்சு. கேட்டைத் திறந்து போட்டது நாங்கள் இல்லை, வெடி வெடித்ததும் நாங்கள் இல்லை. நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? நாயை எஸ்.பி.சி.ஏ. என்ற பிராணிகள் நலச் சங்கத்திடம் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? அதைக் கொன்றுவிடுவார்களா?

பதில்: அம்மா, பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை. நாய்க்கு ரேபீஸ், அதாவது வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டிருக்கிறீர்களா?

நான் வக்கீல், டாக்டர் இல்லை. ஆனாலும் குவாசுலு-நட்டாலில் நாய்க்கடி என்று யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். நம் மாகாணத்தில் வெறிநோய் எங்கோ தூரத்தில் இருக்கிற விஷயம் இல்லை. 2021-இல்கூட இங்கே மனிதர்கள் அதில் இறந்திருக்கிறார்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வைக்க முடியாது. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தடுப்பூசி: முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 14-ஆம் நாள் என்று நான்கு தவணை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். முறைப்படி தையலுக்கு முன் போட வேண்டிய மருந்து அது. தையல் போட்ட அவசரத்தில் யாராவது அதை விட்டிருந்தால், முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாள் வரை போட இடம் இருக்கிறது. ஊசியே ஆரம்பிக்கவில்லை என்றால் ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இன்றே ஆரம்பிக்கட்டும். ஆகவே இதைப் படித்ததும் அடுத்த வீட்டுக்குப் போய், பையனுக்கு என்னென்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள். வழக்குப் பயத்தில் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

நாயை இப்போது யாரிடமும் கொடுக்காதீர்கள், யாரும் கொல்லவும் விடாதீர்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் அது கண்ணெதிரே இருக்க வேண்டும். பத்தாம் நாளும் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று மருத்துவர் முடிவு செய்வார். நடுவில் செத்துப்போனால் மூளையைச் சோதிக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அல்லர்ட்டன் கால்நடை ஆய்வுக்கூடத்தில் அந்தச் சோதனை செய்கிறார்கள். ஆத்திரத்தில் யாராவது தலையில் அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் பையனின் டாக்டருக்கு எந்தத் துப்பும் கிடைக்காது. அரசாங்கக் கால்நடை மருத்துவருக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். நாயை எங்கே வைத்துக் கவனிப்பது என்பதை அவர் சொல்வார்.

ஊசிச் சீட்டு இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டத்தின் விதிகள்படி நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை. இது கட்டாயம். அரசாங்க முகாம்களில் காசு வாங்குவதில்லை. ஊசி போடவில்லை என்றால் அது தனியாக ஒரு குற்றம், நீதிமன்றத்தில் உங்கள் பக்கத்துக்குக் கெட்ட பெயரும்கூட.

சரி, இப்போது பணம்.

நீங்கள் எழுதியிருப்பதை என் மேசைக்கு எதிரே உட்காரும் நாய்க்காரர்கள் பாதிப் பேர் சொல்வார்கள்: "நாங்க என்ன தப்பு பண்ணோம்?" நியாயமான கேள்விதான். ஆனால் தென்னாப்பிரிக்கச் சட்டம் அதைக் கேட்பதே இல்லை. "யாருடைய நாய்?" என்பதுதான் அதன் கேள்வி. ரோமானியர்களின் பன்னிரு பலகைச் சட்டத்திலிருந்து டச்சுக்காரர்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்த ஒரு வழக்கு வகை இருக்கிறது. ஆக்டியோ டி பாபரியே என்று பெயர். வளர்ப்புப் பிராணி தன் இனத்துக்கு உரிய அடக்கமான நடத்தையை மீறி ஒருவருக்குக் காயம் செய்தால், உரிமையாளர் மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ரொம்பப் பழைய சமாச்சாரம், காலாவதியாகிவிட்டது என்று 1927-இல் ஒரு தரப்பு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வாதாடியது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றது.

அந்த வழக்கில் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. ரோமில் உரிமையாளருக்கு ஒரு சலுகை இருந்தது. பணம் கட்ட மனமில்லையா, கடித்த பிராணியையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை வழக்கொழிந்துவிட்டது. நாயை எஸ்.பி.சி.ஏ.விடம் கொடுத்தால் வீட்டில் நாய் இருக்காது, கடன் இருக்கும். அவ்வளவுதான்.

கொழுந்தனார் கேட்டைத் திறந்து போட்டாரே என்பதற்கு வருவோம். உங்கள் கதையோடு கிட்டத்தட்ட அச்சாக ஒத்துப்போகும் ஒரு வழக்கு போர்ட் எலிசபெத்தில் நடந்தது. தள்ளுவண்டியோடு தெருவில் நடந்துபோன, தோட்டவேலை செய்யும் ஒருவரை மூன்று நாய்கள் குதறின. அவருடைய இடது கையையே எடுக்க வேண்டிவந்தது. நாய்க்காரர் அப்போது வீட்டில் இல்லை. கேட்டுக்குப் பூட்டெல்லாம் போட்டுத்தான் போயிருந்தார், யாரோ திருட வந்தவன் திறந்துவிட்டுப் போயிருக்கிறான், அதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்பது அவர் வாதம். ப்ளூம்ஃபான்டெய்னில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அதை நிராகரித்தது. வேறொருவரின் அஜாக்கிரதையைக் காட்டித் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த வேறொருவர் நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவராக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத திருடன் திறந்துவிட்டதற்கே உரிமையாளர் பணம் கட்ட வேண்டும் என்றால், விருந்து சாப்பிட்டுவிட்டுப் போன கொழுந்தனாரைக் கைகாட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

ஒருவேளை நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்து, வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டு, அப்போது கேட்டைத் திறந்து போட்டிருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட ஒரு வழக்கில் 1993-இல் உரிமையாளர் தப்பித்தார். உங்கள் வீட்டில் தீபாவளி அன்று நாய் உங்கள் பொறுப்பில்தான் இருந்தது. கொழுந்தனாரிடம் பங்கு கேட்பது வேறு விஷயம். அதில் நான் தலையிட மாட்டேன், அடுத்த தீபாவளிக்கும் அவர் வர வேண்டும் இல்லையா.

வெடி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. யாராவது அந்த நாயைச் சீண்டினாலோ அடித்தாலோ, அந்த வலியில் கடித்தது என்று வாதாடலாம். பொதுவான வெடிச் சத்தத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம். ஒழுங்காகப் பழகிய நாய் அந்த நிலைமையில் என்ன செய்யும் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். மிரண்ட நாய் கட்டிலடியில் ஒளியும், ஓடும், நடுங்கும், வீட்டுக்குள் மூத்திரம் போகும். தெருவில் தட்டேந்தி நிற்கிற பையனின் கெண்டைக்காலைப் பிடிப்பது அந்த வரிசையில் வராது. இந்த வாதத்தை நம்பி வக்கீல் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையன் உங்கள் வாசலுக்குள் வந்த பிறகு கடித்திருந்தால்? அத்துமீறி உள்ளே நுழைந்தவருக்கு இந்த நஷ்டஈடு கிடையாது என்பது உண்மை. ஆனால் தீபாவளி அன்று பலகாரத் தட்டோடு வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையை அத்துமீறல் என்று சாட்ஸ்வொர்த்தில் யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு வாசல் திறந்திருப்பதே ஓர் அழைப்புதான். கேட்டில் மாட்டுகிற 'பசோபா லோ இன்ஜா' (நாய் ஜாக்கிரதை) பலகையும் ஒரு கவசம் இல்லை. பெரியவர் ஒருவர் அதைப் படித்து, புரிந்து, ஆனது ஆகட்டும் என்று உள்ளே போனார் என்று நிரூபித்தால் ஏதோ உதவும். தெருவில் போகிறவருக்கு அந்தப் பலகையால் ஒன்றும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், கடிக்கும் என்று எங்களுக்கு முன்பே தெரியும் என அதே பலகை உங்களுக்கு எதிராகவே பேசலாம்.

போலீஸ் மிரட்டலை அலட்சியம் செய்ய வேண்டாம். 1993-ஆம் ஆண்டின் 42-ஆம் எண் சட்டம், விலங்கு விவகாரத் திருத்தச் சட்டம், இதற்காகவே இருக்கிறது. ஒருவருடைய கவனக்குறைவால் அவருடைய பிராணி மனிதருக்குக் காயம் செய்தால் அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை. நாயை அப்புறப்படுத்தவோ அழிக்கவோ உத்தரவிடலாம், இன்னின்ன காலத்துக்கு நாய் வளர்க்கக் கூடாது என்றும் தடை போடலாம். "கொன்றுவிடுவார்களா" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: ஒரு கடிக்கே தானாக மரண தண்டனை என்று சட்டம் எதுவும் இல்லை. தண்டனை வந்தால் அந்த அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது. தெருக்காரர்களிடம் இல்லை.

நஷ்டஈட்டுக்குத் தேவைப்படாத கவனக்குறைவு, குற்றத்துக்குத் தேவை. இங்கேதான் உங்கள் நிலை எனக்குக் கவலை தருகிறது. தீபாவளி திடீரென்று வந்துவிடுகிற நாள் இல்லை, வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் இருக்கிறது. வெடி வெடிக்கும், விருந்தாளிகள் வருவார்கள், கார்கள் போகும் வரும், கேட் இருபது முறை திறக்கும். இத்தனையும் தெரிந்த ஒருவர் நாயை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று அரசு வக்கீல் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தீபாவளி வெடியையும் நாயையும் ஒரே வாக்கியத்தில் யாராவது சொன்னால் உடனே "எங்கள் பண்டிகையைக் குறை சொல்கிறார்கள்" என்று சண்டைக்குப் போவோம். வெடிக்கிற நேரத்தை மாநகராட்சி ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறது. அதை மீறி நடுராத்திரியில் வெடிப்பவர் தப்பு செய்கிறார், சந்தேகமே இல்லை. அந்தத் தப்பு உங்கள் கேட்டைப் பூட்டாது.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு கலப்பு நாய் இருந்தது, முழங்கால் உயரம்கூட இல்லை. கேட்டை மோட்டாரில் ஓட்டுவோம். லோட் ஷெடிங் மின்வெட்டு நேரத்தில் பேட்டரி தீர்ந்துபோய், மோட்டாரைக் கழற்றி கையால் தள்ளிவிட்டிருந்தோம். கையால் தள்ளும் கேட் முழுசாகச் சாத்தாது. நாலு விரல் இடைவெளி நிற்கும். அந்த நாலு விரல் இடைவெளியில் மூக்கை விட்டு, தோளால் நெம்பி, நாய் வெளியே போயிற்று. மீட்டர் பார்க்க வந்தவரின் கால்சட்டையைக் கிழித்துவிட்டு, ஏதோ சாதித்த மாதிரி வாலாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கால்சட்டையோடு போனது என் அதிர்ஷ்டம். புதுக் கால்சட்டைக்குப் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மறுநாளே கேட்டின் அடியில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வைத்து, தரையில் அது இறங்கத் துளை போட்டேன். "எங்க நாய் கடிக்காது" என்று அதுவரை நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அதனால்தான் பிட்புல் தடைப் பேச்சில் நான் இரண்டு பக்கமும் முழுதாகச் சேர்வதில்லை. 2022 நவம்பரில் ப்ளூம்ஃபான்டெய்னில் ஒரு சிறுவன் பிட்புல் கடித்து இறந்தபோது நாடே கொதித்தது. தடை கேட்ட மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பயந்துபோன பலர் தங்கள் நாய்களைக் கொண்டுபோய் எஸ்.பி.சி.ஏ.விடம் விட்டார்கள். தேசிய அளவில் இன்று வரை எந்த இனத்துக்கும் தடை வரவில்லை. பிரிட்டனில் 1991-இலேயே பிட்புல்லைத் தடை செய்தார்கள். கடி நிற்கவில்லை, 2023-இல் எக்ஸ்.எல். புல்லி என்று இன்னொன்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. இந்தியாவிலும் 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்த செய்தியைப் பார்த்து நம் வீடுகளிலும் பதறினோம்.

இனம் முக்கியமே இல்லை என்று நாய்க்காரர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். என் கலப்பு நாய் கிழித்தது கால்சட்டையை. அதே இடத்தில் ஒரு பிட்புல்லோ, போயர்புல் என்ற பெரிய காவல் நாயோ இருந்திருந்தால் கிழிந்திருப்பது கால். எந்த நாய் என்பது காயத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. காயம் ஏற்படுமா என்பதைப் பெரும்பாலும் கேட்தான் தீர்மானிக்கிறது. பலம் அதிகமான நாயை வைத்திருப்பவர் கேட்டுக்கும் அதே அளவு பலம் வைக்க வேண்டும். திருட்டுப் பயத்தில் பெரிய நாய் வாங்கும் நம் வீடுகளில் நாய்க்கு 5,000 ரேண்ட் கொடுப்பார்கள், தாழ்ப்பாளுக்கு 200 ரேண்ட் செலவு செய்ய யோசிப்பார்கள்.

இனி அடுத்த வாரம் செய்ய வேண்டியவை. பில்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பொருள் காப்பீட்டில் பல சமயம் மூன்றாம் நபருக்கான பொறுப்புக் காப்பீடும் சேர்ந்தே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. உடனே அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் "முழுப் பொறுப்பும் எங்களுடையது" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பாலிசியே கைவிட்டுப் போகலாம். அதற்காக மன்னிப்புக் கேட்காமல் இருக்காதீர்கள். பையனைப் போய்ப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவது, மருந்துச் செலவைக் கொடுப்பது எல்லாம் மனிதர் செய்கிற காரியம். கொடுக்கிற பணத்துக்கு ரசீது வாங்கி, 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், பணம் கொடுத்ததே பொறுப்பை ஒப்புக்கொண்டது ஆகாது என்று அர்த்தம்.

பில் 20,000 ரேண்டுக்குள் இருந்தால் அவர்கள் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வக்கீல் வைத்து வாதாட முடியாது. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து உங்களுக்கு ஒரு கடிதம் வரும். அப்படி வந்தால் குப்பையில் போடாதீர்கள். பில் மட்டும்தான் கணக்கு என்றும் நினைக்க வேண்டாம். வலிக்கும் தழும்புக்கும் பின்னால் தேவைப்படும் சிகிச்சைக்கும் சேர்த்துக் கேட்கலாம். சாதாரணமாக இந்தக் கோரிக்கைக்கு மூன்று வருடக் கெடு. பையன் மைனர் என்பதால் அவனுடைய சொந்தக் கோரிக்கை அவனுக்கு 19 வயது ஆகும் வரை செத்துவிடாது. ஆகவே வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளாமல், இரு வீட்டாரும் சேர்ந்து ஒரு வக்கீலிடம் ஒப்பந்தமாக எழுதிக்கொள்வது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

நாயை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், கருத்தடை செய்யுங்கள். கழுத்தில் பெயர்ப்பட்டை, உடலில் மைக்ரோசிப். கேட்டுக்கும் நாய்க்கும் நடுவில் இன்னொரு சின்னக் கேட் வையுங்கள், கார் போகும்போது வெளிக் கேட் திறந்தாலும் நாய் பின்கட்டில்தான் இருக்கும். இனிமேல் இருபத்துநாலு மணி நேரமும் சங்கிலியில் கட்டிவிடுகிறேன் என்று மகன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் துன்பம் தரும்படி கட்டிவைப்பது 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கட்டியே கிடக்கிற நாய்க்கு முரட்டுத்தனமும் கூடும். அடுத்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் பயம் தணிக்கும் மருந்து கேளுங்கள். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, ஜன்னல் சாத்திய உள் அறையில், டிவி சத்தத்தோடு விடுங்கள். அந்த அறைச் சாவி ஒருவர் இடுப்பில் இருக்கட்டும்.

பத்தாம் நாள் நாய் நன்றாக இருந்தால் அரசாங்கக் கால்நடை மருத்துவர் சொன்னதை நீங்களே போய் அந்த அக்காவிடம் சொல்லுங்கள். மகனையும் கூட்டிப்போங்கள், நாய் அவனுடையது. பையன் கொண்டுவந்த தட்டு உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.